கருப்பு பீர் எப்படிக் கருப்பாகிறது? கியா பார்ம் குளிரும் ஸ்டவுட் காய்ச்சும் கலையும்

கோலாலம்பூரில் இரவு எட்டு மணிக்கு ஆட்டி வைத்த இட்லி மாவு, காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்து நிற்கும். கேமரன் மலையில், அதிலும் பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் பக்கம், அதே மாவு காலையில் வைத்தது வைத்தபடி கிடக்கும். பாத்திரத்தைப் போர்வையால் சுற்றுவார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்துவார்கள். வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி வைப்பவர்களும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம் இது. பகலில் 22, 23 டிகிரி, இரவில் 15, 16 டிகிரி செல்சியஸ். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு அது தூங்கும் நேரம்.

இட்லி மாவுக்கு ஆகாத இந்தக் குளிர், இன்னொரு பொருளுக்கு ஏறக்குறைய அளந்து வைத்தது போலப் பொருந்துகிறது. அதுதான் ஸ்டவுட். நம் மக்கள் வாயில் 'கருப்பு பீர்'.

தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்திலேயே இந்தப் பாட்டில் நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. கள் குடிக்கிறவரைக் குடிகாரர் என்று சொன்ன அதே வாய், கருப்பு பீரை 'சத்து' என்று சொன்னது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரத்தம் ஊற, பால் சுரக்க, உடம்பு தேற என்று அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கருப்பு நிறம் எங்கிருந்து வருகிறது, வீட்டில் இதைக் காய்ச்சுகிறவர்கள் எப்படிக் காய்ச்சுகிறார்கள், அதில் உண்மையிலேயே சத்து இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொண்டால், பல நம்பிக்கைகள் தானாக இடம் மாறிவிடும்.

முதலில் சட்டம்

மலேசியாவில் உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி குற்றம். 'விற்கவில்லை, வீட்டுக்குத்தான்' என்று சொல்லித் தப்பிக்கும் எண்ணத்தில் யாரும் வாளியும் அடுப்புமாக இறங்க வேண்டாம். கியா பார்மின் குளிர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், அங்கே இன்று வீட்டில் ஸ்டவுட் காய்ச்ச முடியாது.

எல்லை தாண்டினால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 2004இல் இருந்து வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச அனுமதி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்கக்கூடாது, காய்ச்சி வடித்த சாராயமாக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். பிரிட்டனில் 1963இல் இருந்தே வீட்டுப் பீருக்கு உரிமம் தேவையில்லை. மலையிலிருந்து சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள், அங்கே நண்பர்களோடு சேர்ந்து காய்ச்சிய கதையை ஊருக்கு வந்து சொல்வது இப்போது புதிதல்ல. கீழே வரும் செய்முறை அப்படி அனுமதி உள்ள இடங்களில் நடப்பதைப் பற்றியது.

கருப்பு வருவது வறுப்பில்

ஸ்டவுட்டில் சேர்பவை நான்கே பொருள்கள்: பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட். வெளுத்த மஞ்சள் நிறத்தில் இருக்கும் சாதாரண லாகர் பீருக்கும் இதே நான்குதான். கருப்பு வருவது பார்லியின் ஒரு சிறு பங்கை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை, காப்பிக்கொட்டை போல 200 டிகிரிக்கு மேல் வறுப்பதால். மூலிகையோ வெல்லமோ இரும்போ எதுவும் அதில் இல்லை. கோப்பிக் கடையில் 'கோப்பி ஓ' குடிக்கும்போது நாக்கில் படும் அந்தக் கருகல் கசப்பும் ஸ்டவுட்டின் கசப்பும் ஒரே குடும்பம். கொட்டை வேறு, வேதியியல் ஒன்று.

இந்த வறுப்புக்கு ஒரு பிறந்த தேதியே இருக்கிறது. 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர், காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற ஒரு இரும்பு உருளையில் மால்ட்டைக் கரியாக்காமல் கருப்பாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு லண்டனின் 'போர்ட்டர்' பீர் பழுப்பு நிறம்தான். மொத்த மால்ட்டையும் விறகுச் சூட்டில் பழுப்பாக்கினார்கள். அப்படிச் செய்தால் மால்ட்டின் சர்க்கரை தரும் திறன் குறைந்துவிடும். வீலரின் உருளை வந்த பிறகு, தொண்ணூறு பங்கு வெளிர் மால்ட் சர்க்கரையைத் தர, பத்துப் பங்கு கருப்பு மால்ட் நிறத்தைத் தர, காசும் மிச்சம், நிறமும் கூடுதல்.

'ஸ்டவுட்' என்ற சொல்லுக்கு அன்று கருப்பு என்ற பொருளே இல்லை. திடமானது, வலுவானது என்று பொருள். 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றால் வலுவான போர்ட்டர். பின்னால் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது.

அயர்லாந்தின் டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்கு ஒரு ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். நம் வீட்டு மனைகளுக்கு 99 ஆண்டுக் குத்தகை என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் கணக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அந்த ஆலையிலிருந்து கப்பலேறிய பாட்டில்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே மலாயாவுக்கு வந்தன. பாட்டிலில் அடைத்து ஏற்றுமதி செய்த வணிகர்கள் ஆளுக்கொரு விலங்கை முத்திரையாக ஒட்டினார்கள். அதில் நாய்த்தலை முத்திரை ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி நாய்ப் படத்தைக் காட்டித்தான் கேட்டு வாங்கினார். 1960களின் நடுவில் சுங்கைவேயில் உள்நாட்டு ஆலையே வந்துவிட்டது. 1989இல் கின்னஸ் எங்கர், 2016இல் ஹைனெகன் மலேசியா என்று பெயர்ப் பலகை மாறியதே தவிர, கருப்பு பாட்டில் கடைத் தட்டில் அதே இடத்தில் இருக்கிறது.

தேயிலை மலையில் ஸ்டவுட்: நுவரெலியா

குளிர்ந்த தேயிலை மலையும் ஸ்டவுட்டும் ஒத்துப்போகும் என்பது வெறும் ஊகம் அல்ல. இலங்கையின் நுவரெலியாவில் அது நடந்து முடிந்த வரலாறு. கேமரன் மலையைப் போலவே அதுவும் பிரிட்டிஷ்காரர்கள் குளிருக்காகத் தேடிப்போன இடம். அங்கேயும் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு பீர் ஆலை எழுந்தது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில், கொழும்பின் வெக்கையில் பீர் காய்ச்சினால் கெட்டுப்போகும். 1,800 மீட்டருக்கு மேல் உள்ள நுவரெலியாவில் இயற்கையே குளிர்சாதனம். ஓடை நீரும் சுத்தம்.

அங்கே உருவான 'லயன் ஸ்டவுட்' பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றதற்கு மைக்கேல் ஜாக்சன் ஒரு காரணம். பாடகர் அல்ல. அதே பெயரில் பீர்களைப் பற்றியே எழுதிவந்த ஆங்கில எழுத்தாளர். மலைப்பாதையில் ஏறிப்போய் அந்த ஸ்டவுட்டைக் குடித்துப் பார்த்துவிட்டு அவர் எழுதிய பிறகுதான் மேற்கு நாடுகளில் அதைத் தேடத் தொடங்கினார்கள். பின்னாளில் ஆலை கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இடம் மாறிவிட்டது. எஃகுத் தொட்டியும் குளிரூட்டும் எந்திரமும் வந்த பிறகு மலை தேவைப்படவில்லை. சுவை மாறவில்லை என்று ஆலை சொல்லும், மாறிவிட்டது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எல்லா ஊரிலும் உள்ள வழக்குதான்.

இலங்கையில் அந்த ஸ்டவுட்டின் மதுச் சத்து 8.8 விழுக்காடு. இது ஒரு முக்கியமான எண். டப்ளினின் கின்னஸ் டிராப்ட் 4.2 விழுக்காடுதான், பல லாகர் பீர்களைவிடக் குறைவு. இரண்டும் கருப்பு, இரண்டும் ஸ்டவுட். போதையில் ஒன்றுக்கு மற்றது இரட்டிப்புக்கும் மேல். நிறத்தைப் பார்த்து 'இது கனமானது, அது லேசானது' என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. பாட்டிலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் படித்தால்தான் உண்மை தெரியும்.

முளைப்பிலிருந்து மால்ட் வரை

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சிய பாட்டிகளுக்கு மால்ட் என்ன என்று விளக்கவே வேண்டாம். பார்லியை ஊறவைத்து, முளை எட்டிப் பார்க்கும் நேரத்தில் சூட்டில் உலர்த்தி நிறுத்திவிட்டால் அது மால்ட். முளைக்கும்போது விதைக்குள் ஒருவகை நொதிகள் உருவாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அவற்றின் வேலை. விதை தன் குருத்துக்காகச் செய்துவைத்த ஏற்பாட்டை மனிதன் இடையில் புகுந்து தன் பானைக்குத் திருப்பிக்கொள்கிறான்.

சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ வீட்டில் 20 லிட்டர் ஸ்டவுட் காய்ச்சுகிறவரின் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: வெளிர் மால்ட் 4 கிலோ, தட்டையாக்கிய பார்லி அல்லது ஓட்ஸ் அரை கிலோ, கேரமல் மால்ட் கால் கிலோ, வறுத்த பார்லி 450 கிராம். ஓட்ஸ் சேர்ப்பது வாயில் வழவழப்பாக இறங்குவதற்கும் நுரை நிற்பதற்கும். எல்லாவற்றையும் நொய்யாக உடைக்க வேண்டும், மாவாக அரைக்கக் கூடாது. மாவானால் பின்னால் வடிகட்டும்போது களிபோல அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும்.

15 லிட்டர் தண்ணீரை 73 டிகிரிக்குச் சூடாக்கி நொய்யைக் கொட்டினால், தானியம் சூட்டை இழுத்துக்கொண்டு 66 டிகிரியில் வந்து நிற்கும். மூடி, கம்பளம் சுற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். இந்த 66தான் முழுச் சமையலின் நெஞ்சு. 70ஐத் தாண்டினால் நொதிகள் சாகத் தொடங்கி, ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சி, ஸ்டவுட் பாகு போல இனிக்கும். 62க்கு இறங்கினால் எல்லாம் எளிய சர்க்கரையாகிப் பானம் தண்ணீராகத் தோன்றும். வெப்பமானி இல்லாமல் விரலை விட்டுப் பார்த்துச் செய்கிற வேலை இதுவல்ல.

ஒரு மணி நேரம் கழித்து வாயில் வைத்துப் பார்த்தால் கூழ் இனிக்கும். ஒரு துளி சர்க்கரை போடாமல் வந்த இனிப்பு. முதல் முறை காய்ச்சுகிறவர்கள் வியந்து போகும் இடம் இது. அதை வடிகட்டி, 75 டிகிரி வெந்நீர் 14 லிட்டர் ஊற்றித் தானியத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் கழுவி எடுத்தால் சுமார் 24 லிட்டர் கருப்புச் சாறு கிடைக்கும். இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்கள் டின்னில் விற்கும் மால்ட் பாகை வாங்கிக் கரைத்துக்கொள்கிறார்கள். அதிலும் ஓரளவு நல்ல ஸ்டவுட் வரும். டின் பால் ஊற்றிய தேநீருக்கும் கறந்த பால் ஊற்றிய தேநீருக்கும் உள்ள வேறுபாடு இருக்கும்.

தண்ணீர் செய்யும் குறும்பு

கேமரன் மலை மத்திய மலைத்தொடரின் கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கருங்கல்லில் ஊறி வரும் தண்ணீர் மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும், தேநீர் தெளிவாக இறங்கும். ஸ்டவுட்டுக்கு மட்டும் இது சற்று இடக்கு. வறுத்த பார்லிக்குப் புளிப்புத் தன்மை அதிகம். டப்ளினின் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருப்பதால் அந்தப் புளிப்பை அது தணித்துவிடும். அந்த ஊர் கருப்பு பீருக்குப் பெயர்பெற்றதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். மென்னீரில் அதே அளவு வறுத்த பார்லியைப் போட்டால் பழைய காப்பி போல நாக்கைக் கடிக்கும் ஒரு கூர்மை வந்துவிடும்.

தீர்வு இரண்டு. ஒன்று, ஊறவைக்கும் தண்ணீரில் 2 கிராம் அளவு சமையல் சோடா. மற்றது இன்னும் நல்லது. வறுத்த பார்லியை மற்றவற்றோடு சேர்க்காமல், முதல் நாள் இரவே தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அந்தக் கருப்புத் தண்ணீரை மட்டும் வடித்துக் கொதிக்கும் சாற்றில் கடைசியில் ஊற்றுவது. இப்போது கோலாலம்பூர் கோப்பிக் கடைகளில் 'கோல்ட் பிரூ' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதே தந்திரம். கருப்பு முழுதும் இறங்கும், கடுப்பு இறங்காது.

மலை உச்சியில் கொதி

வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, கொதியின் தொடக்கத்திலேயே சுமார் 50 கிராம் ஹாப்ஸ் போடுவார்கள். ஹாப்ஸ் போட்டவுடன் கசக்காது. அதிலுள்ள பிசின் நீண்ட நேரம் கொதித்துத் தன் வடிவம் மாறிய பிறகே கசப்பு நீரில் கரையும். கியா பார்ம் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதற்கும் இதுதான் காரணம். அந்த 5 டிகிரிக் குறைவில் கசப்பு உருவாகும் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மந்தமாகிவிடும். நுவரெலியா போன்ற மலைகளில் காய்ச்சுகிறவர் ஒரு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹாப்ஸைக் கூட்ட வேண்டும். சமவெளியில் எழுதப்பட்ட புத்தகங்களில் இந்தக் குறிப்பு பெரும்பாலும் இருக்காது.

கொதித்த சாற்றை விரைவாக ஆற்ற வேண்டும். ஆறிய பிறகு அதைத் தொடும் வாளி, குழாய், கரண்டி, மூடி எதுவாயினும் கிருமிநாசினியில் நனைத்து எடுத்திருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சிக் கெட்டுப்போனவற்றில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் கெடுகிறது. சமையலில் கைதேர்ந்தவர்கள்கூடச் சறுக்குவார்கள். அடுப்பில் இருக்கும் வரை கிருமி பற்றிய கவலையே தேவையில்லாத வேலை, அடுப்பை விட்டு இறங்கிய நொடியில் பிள்ளைக்குப் பால் புட்டி கழுவுகிற வேலையாக மாறிவிடுகிறது.

ஈஸ்ட்டும் குளிரும்

மலாய் மொழியில் ஈஸ்ட்டுக்கு 'ராகி' என்று பெயர். நமக்கு ராகி என்றால் கேழ்வரகு. பசாரில் இந்தக் குழப்பத்தில் மாட்டியவர்கள் இருப்பார்கள். ஸ்டவுட்டுக்கு வேண்டியது 11 கிராம் பொட்டலத்தில் வரும் 'ஏல்' வகை ஈஸ்ட். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைப் போட்டாலும் நுரைக்கும், போதையும் வரும். குடிக்கத்தான் நன்றாக இருக்காது.

இந்த ஈஸ்ட்டுக்குப் பிடித்தது 18 முதல் 20 டிகிரி. அது சர்க்கரையைத் தின்னும்போது தானே சூட்டைக் கிளப்பி, சுற்றுப்புறத்தைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். கியா பார்மின் ஒரு சாதாரண அறையின் சூடும் இந்தக் கணக்கும் ஒத்துப்போவதைக் கவனிக்கலாம். சிங்கப்பூர் அடுக்குமாடியில் 30 டிகிரியில் அதே வாளியை வைத்தால் ஈஸ்ட் வெறிபிடித்தது போல வேலை செய்து இரண்டே நாளில் முடித்துவிடும். அவசரத்தில் அது கனமான வேறு மதுக்களையும் உண்டாக்கிவிடும். நகப்பூச்சு போன்ற வாடை, தொண்டையில் எரிச்சல், மறுநாள் தலையைப் பிளக்கும் வலி எல்லாம் அதன் பரிசு. அதனால்தான் அங்கே காய்ச்சுகிறவர்கள் பழைய குளிர்பெட்டியை வாங்கி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி, அதற்குள் வாளியை வைக்கிறார்கள். மலையில் இலவசமாகக் கிடைப்பதற்கு அங்கே மின்கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு வாரத்தில் கொந்தளிப்பு அடங்கும். அடங்கியவுடன் பாட்டிலில் அடைக்கத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி, சாறு ஈஸ்ட் சேர்க்கும் முன் 1.050 அளவைக் காட்டியிருந்தால், முடிந்தபோது 1.013 பக்கம் காட்ட வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று பொருள். மிச்சச் சர்க்கரையோடு அடைத்த பாட்டிலுக்குள் ஈஸ்ட் வேலையைத் தொடரும், வாயு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடைக்கும்போது 20 லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை, கரைத்துச் சமமாகக் கலந்து. பாட்டிலுக்குள் நுரை பிறப்பது இந்த அளவான சர்க்கரையில். பிறகு மூன்று வாரம் இருட்டில். கடைக் கின்னஸில் மேலே பாலேடு போல நிற்கும் நுரையை வீட்டில் எதிர்பார்க்கக் கூடாது. அது நைட்ரஜன் வாயுவால் வருவது. 1959இல் அந்த ஆலை கண்டுபிடித்த வித்தை.

அந்த ஆலை இன்னொரு பொருளையும் உலகுக்குக் கொடுத்தது. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் 'ஸ்டூடண்ட் டி சோதனை'யை உருவாக்கிய வில்லியம் காசெட், கின்னஸ் ஆலையின் ஊழியர். குறைந்த எண்ணிக்கையில் மாதிரிகளைச் சோதித்தே நம்பகமான முடிவுக்கு வருவது எப்படி என்பது ஆலையில் அவர் எதிர்கொண்ட சிக்கல். விடையை 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

சத்தா, நம்பிக்கையா?

'கின்னஸ் உங்களுக்கு நல்லது' என்ற பொருள்படும் விளம்பரம் 1929இல் பிரிட்டனில் தொடங்கியது. அங்கே அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் ரத்த தானம் செய்தவர்களுக்கும் ஒரு காலத்தில் ஸ்டவுட் கொடுத்தார்கள். அந்தப் பேச்சு கப்பலேறி மலாயாவுக்கு வந்து, நம் பத்திய மருந்துப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று கூடுதலான ஸ்டவுட்டில் உள்ள இரும்புச் சத்து சுமார் 0.3 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 27 மில்லிகிராம் என்பது பரவலான மருத்துவப் பரிந்துரை. கருப்பு பீர் குடித்து அதை எட்ட வேண்டுமானால் 90 பைண்ட் வேண்டும். கருப்பாக இருப்பதால் இரும்பு இருக்கும் என்று நினைத்தது கண் செய்த பிழை. அந்தக் கருப்பு, மேலே பார்த்தபடி, வறுத்த பார்லியின் கருப்பு.

பால் சுரக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்லியில் உள்ள ஒருவகை நார்ச்சத்து, பால் சுரப்போடு தொடர்புள்ள ஹார்மோனைத் தூண்டக்கூடும். ஆனால் அதே கிளாஸில் உள்ள மது, சுரந்த பால் வெளியே வருவதற்கான ஹார்மோனைத் தடுக்கிறது. மது குடித்த தாயிடம் குழந்தைகள் அடுத்த சில மணி நேரம் குறைவாகவே பால் குடிக்கின்றன என்று ஆய்வுகளில் தெரியவந்தது. தாயின் ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு பாலிலும் இருக்கும். பாட்டி நல்ல மனத்தோடு கொடுத்த அரை கிளாஸில் ஒரு பங்கு பேரப்பிள்ளைக்கும் போயிருக்கிறது. பார்லியின் பயன் வேண்டுமென்றால் பார்லித் தண்ணீர் போதும். இரும்புக்கு ஈரலும் கீரையும் பயறும் இருக்கின்றன. சோகை இருப்பவர்களுக்கு அரசாங்கத் தாய்சேய் நல நிலையத்தில் மாத்திரையும் கிடைக்கும்.

சம்சுவோடு குழப்ப வேண்டாம்

வீட்டில் காய்ச்சுவது என்றவுடன் நம் மக்கள் நெஞ்சில் வரும் பயம் சம்சு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். தானியத்தைப் புளிக்க வைத்து அப்படியே குடிக்கும் பீரில் மெத்தனால் ஆபத்தான அளவுக்கு உருவாவதில்லை. சாவு வருவது, தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து மலிவு விலைக்கு விற்கிறவர்களால். மலிவு பாட்டிலின் முத்திரையும் உரிமமும் சந்தேகமாக இருந்தால் அதை வாங்கக் கூடாது. குடித்தவருக்குப் பார்வை மங்கினால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் கண்ணையும் உயிரையும் தீர்மானிக்கிறது.

தோட்ட மக்களுக்குக் குடி என்ன செய்தது என்பது தனிக் கதை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரினார்கள். குடிக்கிறவர்களே அந்தக் கோரிக்கையின் பின்னால் நின்றார்கள் என்பதை நினைவில் வைத்தால், ஸ்டவுட்டின் கைத்திறனைப் பாராட்டுவதும் அதன் விலையை அறிந்திருப்பதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்று புரியும். இன்று மலேசியாவில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது. தாப்பா சாலையின் வளைவுகளைத் தெரிந்தவர்களுக்கு, குடித்துவிட்டு அதில் வண்டி ஓட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் திருத்தப்பட்ட சட்டத்தில் ரத்தத்தில் அனுமதிக்கப்படும் மது அளவும் 80இலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டுவிட்டது.

ஈஸ்ட்டுக்கு முன்பே நிறுத்தினால்

சட்டத்துக்கும் உடம்புக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு வழி இருக்கிறது. கியா பார்ம் வீட்டிலும் செய்யலாம். மேலே சொன்ன வேலையைக் கொதி வரை செய்து, ஹாப்ஸை ஒரு சிட்டிகையாகக் குறைத்து, ஈஸ்ட் சேர்க்காமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கிடைப்பது மதுவே இல்லாத மால்ட் பானம். ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் 'மால்ட்டா' என்ற பெயரில் பிள்ளைகள் குடிப்பது இந்த வகைதான். இரண்டு லிட்டர் அளவுக்கு வெளிர் மால்ட் 400 கிராம், வறுத்த பார்லி ஒரு கைப்பிடி போதும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் குடித்துவிட வேண்டும். வெளியே விட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் அழைக்காமலே வந்து சேரும். சூடாகக் குடித்தால் மைலோவுக்கும் கோப்பிக்கும் நடுவில் ஒரு சுவை. பனி இறங்கும் மாலைக்கு நன்றாக இருக்கும்.

வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் தானியச் சக்கையைக் கொட்ட வேண்டாம். சர்க்கரை போய்விட்டாலும் புரதமும் நாரும் அதிலேயே நிற்கின்றன. கோழிகள் விரும்பித் தின்னும். ஒரு பிடி எடுத்துச் சப்பாத்தி மாவில் பிசைந்தால் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கருகல் மணத்தோடு வரும். மீதியைக் காய்கறிப் பாத்தியில் மண்ணோடு புரட்டிவிடலாம். மேலாகப் போட்டால் மட்டும் இரண்டாம் நாள் நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள்.